40 டாலர் பெஜோவும் ஒற்றைப் பல்லும்

9 ஏப்ரல் 2023. இழையைத் தொடங்கிய வாசகர்

டொராண்டோவில் பழைய ரோடு பைக்கை வாங்கி, அதிலிருக்கும் பத்து கியரையும் கழற்றிவிட்டு ஒற்றைக் கியரில் ஓட்டுகிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை. ஊரில் கியர் சைக்கிளைப் பார்த்து ஏங்கி வளர்ந்தவர்கள் நாம். இங்கே கியரோடு கிடைப்பதைக் கழற்றி எறிவதா? அதற்கு முந்நூறு டாலர் செலவு வேறு. பழைய பொருளும் கெட்டது, காசும் போயிற்று என்றுதான் சொல்வேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள். என்னிடமும் பெஜோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய சைக்கிள் ஒன்று நிற்கிறது.

9 ஏப்ரல், இரவு

நான் இல்லை என்பவன். போன இலையுதிர் காலத்தில் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு வாசலில் 40 டாலருக்கு பெஜோ யூஓ-8 வாங்கினேன். 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் எல்லோரும் பத்து கியர் சைக்கிள் வாங்க அலைந்தார்களே, அந்த அலையில் வந்து குவிந்த மலிவு விலை மாடல். ஐம்பது வருடம் கழித்தும் கராஜ்களில் தூசியோடு நிற்கிறது.

முதலில் கியர் கெடாமல் இருந்ததா என்று கேளுங்கள். அந்த மாடலில் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கை, அதாவது டிரெய்லியர், சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்துடையது. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. என்னுடையதில் கீல் இருக்கும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். லிவரை அசைத்தால் செயின் நகரவில்லை, அந்த விரிசல்தான் விரிந்தது. ஃபிரேம் நேராக இருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அச்சுகள் சுற்றுகின்றன. செத்தது கியர் மட்டும். செத்ததை எடுத்துவிட்டு மீதியை ஓட்டுவது எப்படிக் கெடுப்பதாகும்?

இன்னொன்று, இந்த ஊர் உப்பு. நான்கு மாதம் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அசையும் பாகம் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் துருப்பிடிக்கும். குளிர்காலத்திலும் வேலைக்கு சைக்கிளில் போகிறவனுக்கு, துருப்பிடிக்க ஒரு செயின் மட்டும் இருப்பது பெரிய நிம்மதி.

10 ஏப்ரல்

ஏங்கி வளர்ந்தோம் என்றீர்கள், சரிதான். மன்னார்குடியில் எங்கள் தெருமுனை வாடகை சைக்கிள் கடையில் மணிக்கு ஒரு ரூபாய். கியர் வண்டி ஒன்றே ஒன்று இருந்தது. அதை வாடகைக்கு விடமாட்டார், துடைத்து மாட்டி வைத்திருப்பார். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும், பிறகு கோடை விடுமுறைகளில் மண்ணெண்ணெயில் பால்ரஸ் கழுவி, கோட்டம் எடுக்க ரிம்மைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அந்தக் கடையில்தான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒற்றைக் கியர் வண்டிகளில்தான் பால்காரர் முதல் வாத்தியார் வரை ஊரே போய்வந்தது. அவற்றை யாரும் குறைப்பட்ட வண்டியாக நினைக்கவில்லை.

இந்த பெஜோவைக் குனிந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது கிராங்கில் இருந்த காட்டர் பின், அதாவது பெடல் கையை அச்சோடு இறுக்கும் ஆப்பு. டொராண்டோ கடைகளில் இருக்கும் இளைஞர்கள் பலர் அதைக் கண்டதே இல்லை. எனக்கோ வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

15 ஏப்ரல்

இன்று பழைய ஃபிரீவீலை, அதாவது பின் சக்கரத்தில் செயின் சுற்றும் பல்லடுக்கைக் கழற்றினேன். ஐந்து பல்வட்டம் கொண்டது: 14, 17, 20, 24, 28. இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் வேலையைக் கைவிடுகிறார்கள்.

பெடலை மிதிக்க மிதிக்க இறுகும்படி அமைந்தது ஃபிரீவீல். ஐம்பது வருடம் யார் யாரோ மிதித்த மிதி அத்தனையும் அந்த மரையில்தான் இறுகி நிற்கிறது. ஸ்பானரை வைத்து முறுக்கினால் வராது. அதற்கென்று உள்ளே வரிப்பல்லில் உட்காரும் கழற்றி இருக்கிறது, பிராண்டுக்கு ஒன்று. எங்கள் பகுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் பட்டறையில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்கள். பொருந்துவதைத் தேடி எடுத்து, அச்சு நட்டைத் திரும்பப் போட்டு, கழற்றி துள்ளாதபடி அதை அழுத்திப் பிடிக்க வைத்தேன். இது முக்கியம். பிடிப்பு இல்லாமல் முறுக்கினால் கழற்றி வழுக்கி வரிப்பல்லையே சிதைத்துவிடும்.

பிறகு கழற்றியைக் கீழ்நோக்கி வைஸில் கவ்வவிட்டு, சக்கரத்தைப் படுக்கவைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியரிங் மாதிரிப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் வைஸ் மேசையை உதைத்தபடி இன்னொரு தடவை. டக் என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி அறுந்துவிட்டது என்று பயந்தேன். மரைதான் விட்டிருந்தது. அந்த நொடியே நட்டைக் கால் சுற்று தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரீவீல் வெளியே வர இடமிருக்காது. கழன்ற மரையின் உள்ளே பழைய கிரீஸ் தேன்மெழுகு நிறத்தில் ஒரு வளையமாக இருந்தது.

16 ஏப்ரல்

புதிதாக வாங்கிய 16 பல் ஒற்றை ஃபிரீவீலை மாட்டிவிட்டேன். கையாலேயே விறுவிறுவென்று ஏறியது, ஸ்பானரே தேவைப்படவில்லை. முன்னால் இரண்டு செயின் வீல்: 52, 40. உள்ளே இருக்கும் 40இல் செயினை ஓட்டுகிறேன். 52ஐக் கழற்றாமல் விட்டிருக்கிறேன், பேண்ட் செயினில் மாட்டாமல் காக்கும்.

40க்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்று. நிமிடத்துக்கு 80 மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். சமதளத்துக்கு அது போதும்.

செயின் அகலத்தில் கவனம் வேண்டும். கியர் வண்டிச் செயின் 3/32 அங்குலம், நம் ஊர் வண்டிச் செயின் 1/8 அங்குலம். அகலமான செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காராது. குழப்பம் வேண்டாம் என்றால் 1/8 வாங்குங்கள், இரண்டுக்கும் ஆகும்.

22 ஏப்ரல்

காட்டர் பின். மேலே ஒருவர் சுத்தியலால் தட்டினால் வந்துவிடுமே என்று எழுதியிருந்தார். நானும் அப்படி நினைத்துத்தான் தட்டினேன். நட்டை முழுக்க எடுத்துவிட்டு நேரே மரை முனையில் அடித்தேன். முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. அப்புறம் அது எந்தத் துளை வழியாக வரும்? துளையிட்டு எடுக்க ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று.

இடப்பக்கத்தை ஒழுங்காகச் செய்தேன். கடைக்காரர் அன்று செய்த முறை அதுதான், கை மறந்திருந்தது. முந்தின நாளே எண்ணெய் விட வேண்டும். நட்டைப் பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, அடி நட்டின் மேல் விழும்படி விட்டுவைக்க வேண்டும். கிராங்குக்குக் கீழே, பின்னின் தலை உள்ளே போக இடம் விட்டு, ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து அது தரையில் அழுந்த நிற்க வேண்டும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி. சின்னச் சின்னதாய்ப் பத்து அடி அடித்தால் பின் நசுங்கும், கழலாது. முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் மேல் இறங்கி, அது உருளும் கிண்ணத்தில் பள்ளம் விழும்.

கையோடு உள்ளே திறந்து பார்த்தேன். பக்கத்துக்கு 11 பால்ரஸ், கால் அங்குலம். எல்லாம் மங்கியிருந்தன, ஆனால் கிண்ணம் கண்ணாடி மாதிரி. புது பால்ரஸும் கிரீஸும் போட்டு மூடினேன். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வண்டியில் வலப்பக்கக் கிண்ணம் இடமரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இந்தப் பழைய பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலமரை. ஊர்ப் பழக்கத்தில் திருப்பினால் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். வலப்பக்கத்தை நான் தொடவே இல்லை, உள்ளே துணியை விட்டுத் துடைத்ததோடு சரி.

23 ஏப்ரல்

ஊரிலிருந்து காட்டர் பின் வரவழைக்கலாமா என்று கேட்டவருக்கு: வரவழைத்துவிட்டேன், பொருந்தவில்லை. நம் ஊரில் கிடைப்பது 9.5 மில்லிமீட்டர், ஆங்கிலேய அளவு. பெஜோவுக்கு 9. அரை மில்லிமீட்டர்தானே என்று அரத்தால் தேய்க்க உட்கார்ந்தேன், கால் மணி நேரத்தில் விட்டுவிட்டேன். உருளையை உருளையாகவே கையால் தேய்க்க முடியாது. 9 மில்லிமீட்டர் பின் இணையத்தில் கிடைக்கிறது. அதிலும் சாய்வான முகத்தை மட்டும் அரத்தால் சமன்செய்ய வேண்டியிருந்தது, அது எளிது. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே பக்கமாக நுழைத்தால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

6 மே

ஓட்டிவிட்டேன்!

ஏரிக்கரைப் பாதையில் இரண்டு மணி நேரம். சத்தமே இல்லை. கியர் வண்டியில் செயின் இரண்டு குட்டிச் சக்கரம் சுற்றி வளைந்து வரும்போது எப்போதும் ஒரு கிசுகிசுப்பு இருக்கும், அது பழகிப்போய் நமக்குக் கேட்பதில்லை. அது நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. டயர் மணலில் ஓடும் ஒலி மட்டும் கேட்டது. எதிர்காற்றில் கொஞ்சம் எழுந்து நின்று மிதித்தேன், அவ்வளவுதான்.

செயின் இழுவை பற்றி: நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். பழைய செயின் வீல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தொய்யும். இறுகும் இடத்தை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். பின் அச்சு நுழையும் காடி கிடைமட்டமாக நீண்டிருப்பதால்தான் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் செய்ய முடிகிறது. காடி செங்குத்தாக இருக்கும் பிற்கால வண்டி என்றால், செயினை இழுத்துப் பிடிக்கும் ஒரு கை தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கியரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி ஒரு கையை மாட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அப்படிப்பட்ட வண்டியை கியரோடே விட்டுவிடலாம்.

14 மே

16 ஏப்ரல் குறிப்பில் எழுதியதை நம்பி யாராவது ஃபிரீவீல் மாட்டியிருந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

இன்று காலை சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்தேன். பெடல் திடீரென்று வெறுமையாகக் கீழே போயிற்று. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. வண்டி நகரவில்லை. பின்னால் வந்த கார்காரர் நிறுத்தியதால் பிழைத்தேன். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபிரீவீல், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மேல் லொடலொடவென்று ஆடுகிறது. கையால் உருவினேன், வந்துவிட்டது. உள்ளே அலுமினியச் சுருள்கள், பென்சில் சீவின மாதிரி. ஹப்பின் மரை முழுக்க வழித்துக்கொண்டு போயிருக்கிறது.

விறுவிறுவென்று கையாலேயே ஏறியது என்று சந்தோஷமாக எழுதியிருந்தேன் அல்லவா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

15 மே

வெர்னியர் வைத்து அளந்தேன். நேற்றே, அதற்கு முன் ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்று கிடைக்கும் ஒற்றை ஃபிரீவீல்கள் ஆங்கிலேய மரை: விட்டம் 1.375 அங்குலம், அதாவது 34.9 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 புரி. பழைய பிரெஞ்சு ஹப்பின் மரை 34.7 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புரி. ஹப் சின்னது, ஃபிரீவீல் பெரியது. அதனால்தான் சுலபமாக ஏறுகிறது. விளிம்பில் மட்டும் உரசிக்கொண்டு நிற்கும். சமதளத்தில் மெல்ல மிதிக்கும்வரை தாங்கும். எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தால் இரும்பு அலுமினியத்தை வழித்துவிடும். இதற்கு நேர்மாறாக பிரெஞ்சு ஃபிரீவீலை ஆங்கிலேய ஹப்பில் ஏற்றினால் ஏறவே ஏறாது, முரண்டு பிடிக்கும். அந்த முரண்டாவது நம்மைக் காப்பாற்றும்.

இந்த இழையில் நான் சொல்ல வந்தது என்ன என்று யாராவது கேட்டால் இதுதான்: 40 டாலர் வண்டி மாற்றத் தக்கதா இல்லையா என்பதைப் பின் ஹப் சொல்லும். பெயிண்ட், பிராண்ட், ஹேண்டில்பார் எதையும் பார்க்கும் முன் அங்கே குனியுங்கள். காடி கிடைமட்டமா? இரண்டு காடிக்கும் நடுவில் இடைவெளி எத்தனை? ஐந்து கியர் வண்டியில் 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு கியர் வந்தபின் 126. ஃபிரீவீல் மரை எந்த நாட்டுடையது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் செலவு எவ்வளவு என்று வாங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் ஜப்பான் வண்டியைத்தான் கைகாட்டுவேன். மியாட்டா, ஃபூஜி, நிஷிகி எதுவானாலும் சரி. மானிட்டோபாவில் ரிவர்ஸ் என்ற ஊரில் தயாரான செகினேயும் அதே அளவுகள்தான், கனடாவில் நிறையக் கிடைக்கிறது. கடையில் வாங்கும் ஃபிரீவீல் அப்படியே ஏறும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலியில் கிராங்க் அச்சுக் கிண்ணத்தின் மரைதான் அங்குலத்துக்கு 26 புரி என்று தனி வழியில் போகும். ஃபிரீவீல் மரை வழக்கமானதே, பயமில்லை.

இதையெல்லாம் ஷெல்டன் பிரௌன் இணையத்தில் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர், 2008இல் இறந்தார். பழைய வண்டி மரைகளைப் பற்றி அவர் போட்ட அட்டவணைகளைத்தான் இன்றும் உலகமெங்கும் பட்டறைகளில் பார்த்து வேலை செய்கிறார்கள். நேற்று இரவு அந்தப் பக்கத்தைத் திறந்து பிரெஞ்சு அளவு இருக்கும் வரியைப் படித்தபோது முழங்காலில் ஐஸ் கட்டி வைத்திருந்தேன்.

3 ஜூன்

ஹப் போய்விட்டதால் சக்கரமே மாற்ற வேண்டியதாயிற்று. 120 மில்லிமீட்டர் ஹப்பில் கட்டிய அலுமினிய ரிம், முன்பின் ஜோடியாக வாங்கினேன். ஹப்பின் இரண்டு பக்கமும் மரை இருக்கிறது, இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பழைய சக்கரம் 27 அங்குலம், ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். புதியது 700சி, அதன் விட்டம் 622. ஆரத்தில் 4 மில்லிமீட்டர்தான் குறைவு. பெஜோவின் மாஃபாக் பிரேக்கில் கட்டையை மேலும் கீழும் நகர்த்த நிறைய இடம் உண்டு. நான்கு கட்டையையும் 4 மில்லிமீட்டர் இறக்கினேன், ஐந்து நிமிட வேலை.

மரை போகாமல் இருந்தாலும் இந்தச் சக்கரத்தை வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு, பிரேக் கட்டை படும் இடத்தில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் குத்தியது. பள்ளம் இருந்து என்ன, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி தானாக யோசித்து நிற்கும். வியாழக்கிழமை கொட்டும் மழையில் புது ரிம்மோடு வந்தேன். பிடித்த இடத்தில் நின்றது. முழுச் செலவில் இதற்குக் கொடுத்த பணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பணம்.

4 ஜூன்

ஃபிக்ஸி ஆக்கிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. ஃபிக்ஸியில் ஃபிரீவீலே கிடையாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் பந்தய வண்டிகள் அப்படிப்பட்டவை. எனக்கு இறக்கத்தில் காலை நிறுத்தி உட்கார்ந்து வர வேண்டும்.

பழைய ஃபிரீவீல் ஹப்பில் ஃபிக்ஸிப் பல்லை முறுக்கி ஓட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். அதற்கென்று உள்ள ஹப்பில், பல் கழலாமல் இருக்க எதிர் மரையில் ஒரு பூட்டு வளையம் உண்டு. அது இல்லாத ஹப்பில் பின்பக்கமாகக் காலை அழுத்தினால் பல் கழன்றுகொள்ளும். எந்த வண்டியானாலும் இரண்டு பிரேக்கையும் விட்டுவையுங்கள். ஒண்டாரியோ சட்டப்படி பின் சக்கரத்தில் ஒரு பிரேக் கட்டாயம், காய்ந்த சமமான ரோட்டில் சக்கரம் வழுக்கி நிற்கும் அளவுக்கு அது பிடிக்க வேண்டும். மணியோ ஹாரனோ ஒன்றும் கட்டாயம்.

18 ஜூன்

16 பல் பற்றி மறுயோசனை.

டான் பள்ளத்தாக்கிலிருந்து பிராட்வியூ பக்கம் ஏறும் பாட்டெரி ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். 16இல் அதைப் பாதிதான் ஏறினேன். மீதியைத் தள்ளிக்கொண்டு போனேன். 18 பல் வாங்கி ஹப்பின் மறுபக்கத்தில் மாட்டினேன். ஏறிவிட்டேன், மூச்சு வாங்கியது, ஆனால் இறங்கவில்லை. அதே 18இல் ஏரிக்கரைச் சமதளத்தில் போனால் கால் காற்றில் சுற்றுகிற மாதிரி, 80 மிதிக்கு 23 கிலோமீட்டர்கூட வரவில்லை.

இப்போது இரண்டும் ஒரே சக்கரத்தில் இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் கியர் மாறிவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937இல்தான் டிரெய்லியரை அனுமதித்தார்கள். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். குளிரில் விறைத்த விரலால் நட்டைத் திருகிய அந்த அவஸ்தையிலிருந்துதான், லிவரைத் தள்ளினால் சக்கரம் கழலும் குவிக் ரிலீஸ் வந்தது என்பார்கள். அதை உருவாக்கியவராகச் சொல்லப்படுகிறவர் துல்லியோ காம்பக்னோலோ என்ற இத்தாலியர்.

இரண்டு பல் வித்தியாசத்துக்கு அச்சு காடியில் 6 மில்லிமீட்டர் போல நகரும், செயினை வெட்டவோ கூட்டவோ வேண்டாம். பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். காடி லேசாகச் சாய்ந்திருப்பதால் ரிம்மும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

நேற்று அப்பாவிடம் வீடியோவில் பேசும்போது அவருடைய பழைய வண்டியின் பல்லை எண்ணச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாக்கட்டியால் ஒரு பல்லில் குறி வைத்து எண்ணினார். முன்னால் 44, பின்னால் 18. கணக்குப் போட்டால் 2.44. நான் மூன்று மாதம் முட்டி மோதி வந்து சேர்ந்த 40க்கு 16 என்பது 2.5. அவருடைய சக்கரம் கொஞ்சம் பெரியது, அதையும் சேர்த்தால் ஒரு மிதிக்கு இரண்டு வண்டியும் ஏறத்தாழ ஒரே தூரம் போகும். அப்பாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் அதை மாத்தாம வெச்சிருக்கேன்" என்றார்.

20 ஆகஸ்ட்

செலவுக் கணக்கு கேட்டிருந்தீர்கள். வண்டி 40. 16 பல் ஃபிரீவீல் 28, 18 பல் இன்னொரு 28. செயின் 14. காட்டர் பின் 12. பால்ரஸ், கிரீஸ் 15. பிரேக் கட்டை 18. கேபிள் 16. சக்கர ஜோடி 160. டயர், டியூப் 70. ஆக மொத்தம் 401 டாலர்.

நீங்கள் முந்நூறு என்று சொன்னபோது மிகையாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பணத்துக்குப் புதிய ஒற்றைக் கியர் வண்டியே கிடைக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். மரையை அளந்துவிட்டு ஜப்பான் வண்டி வாங்கியிருந்தால் சக்கரமும் டயரும் நீங்கலாக 171இல் முடிந்திருக்கும். ஆனாலும் வருத்தமில்லை. வீட்டுக் குளியலறைத் தராசில் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தேன், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை இறங்கியிருக்கிறது. மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அது தோளில் தெரியும்.

பழைய பொருளைக் கெடுப்பது என்றீர்களே, அது மட்டும் சரியில்லை. ஃபிரேமில் நான் எதையும் அறுக்கவில்லை. டிரெய்லியர் தொங்கும் காதை அறுத்து மழித்தால் அழகாக இருக்கும் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். கூடாது என்றேன். நாளைக்கு யாராவது கியர் மாட்ட நினைத்தால் அந்தக் காது அங்கே இருக்க வேண்டும். கழற்றியது எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. விரிசல் விட்ட சிம்ப்ளெக்ஸும் அதில்தான்.

9 டிசம்பர்

உப்பு போட ஆரம்பித்துவிட்டார்கள். 18க்குத் திருப்பிவிட்டேன். பனியில் வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும். இரவு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய். ஒரு நிமிடம் ஆகிறது.

10 டிசம்பர்

இழையைத் தொடங்கியவர் கடைசியில் தன் பெஜோவின் ஃபிரீவீலைக் கழற்றி ஹப்பை அளந்திருக்கிறார்: 34.7. அவருடைய டிரெய்லியரும் உடைந்துவிட்டதாம். சக்கரத்துக்குச் செலவழிக்க மனமில்லை, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எனக்கு ஏப்ரலில் தோன்றாதது இப்போது தோன்றுகிறது. உங்கள் ஹப்புக்குச் சரியாகப் பொருந்தும் பிரெஞ்சு ஃபிரீவீல் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, நீங்கள் கழற்றி வைத்த அதே ஐந்து பல்வட்டம். அதைத் துடைத்து, மரையில் கிரீஸ் தடவி, திரும்ப மாட்டுங்கள். டிரெய்லியரை மட்டும் எடுத்துவிடுங்கள். செயினை முன்னால் 52இலும் பின்னால் நடுவில் இருக்கும் 20இலும் போட்டு, அளவுக்கு வெட்டி இணையுங்கள். 52க்கு 20 என்றால் 2.6. என் 16ஐ விடக் கொஞ்சம் கனம், சமதளத்துக்கு நன்றாகவே இருக்கும். பக்கத்தில் நிற்கும் மற்ற நான்கு வட்டமும் சும்மா சுற்றும். நடுப்பல் உங்கள் இரண்டு செயின் வீலுக்கும் நடுவில் நிற்பதால் செயின் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் சாயும், பாதகமில்லை. அந்தக் காலத்துப் பற்கள் செயினைப் பக்கத்துப் பல்லுக்குத் தூக்கிவிடும்படி வெட்டப்பட்டவை அல்ல, அதனால் இழுவை சரியாக இருந்தால் தாவாது. இங்கே மட்டும் 1/8 செயின் வேண்டாம், மெல்லிய 3/32 செயின்தான். அகலமானது பக்கத்து வட்டத்தில் உரசும்.

பழைய செயின் நன்றாக இருந்தால் செலவே இல்லை. உள் தகடும் வெளித் தகடும் சேர்ந்தது ஒரு கண்ணி என்று வைத்து 12 கண்ணியை அளந்து பாருங்கள், ஒரு முனைப் பின்னிலிருந்து மறுமுனைப் பின்வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/8 வந்தால் தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள். வெட்டும் முன் சக்கரத்தைக் காடியின் நடுவில் நிறுத்திக்கொண்டு அளவெடுங்கள், முன்னும் பின்னும் நகர இடம் இருக்கட்டும். செயின் வெட்டும் கருவி என்னிடம் இருக்கிறது. ஞாயிறு மதியம் பட்டறையில்தான் இருப்பேன், வண்டியோடு வாருங்கள்.